அந்த அரை மீட்டர் யாருடையது?

அடுக்குமாடி வீடுகளைப் பற்றிக் கட்டடக் கலைஞர்கள் பேசும் மேடைகளில் ஒரு கருத்தைச் சில ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். பொது இடத்துக்கும் தனி இடத்துக்கும் நடுவே உள்ள எல்லைக்கோட்டை அழித்துவிட வேண்டும், அப்போதுதான் நெரிசலான நகரத்தில் மனிதர்கள் மறுபடியும் அண்டை அயலாராக வாழத் தொடங்குவார்கள் என்பது அந்தக் கருத்து. அதோடு காட்டப்படும் படங்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன: அகலமான தாழ்வாரம், அதில் ஒரு மரம், ஓடி விளையாடும் பிள்ளைகள், பேசிக்கொண்டிருக்கும் முதியவர்கள், திறந்தே கிடக்கும் கதவுகள். எனக்கு இந்தக் கனவோடு பகை கிடையாது. சிங்கப்பூரில், அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய, புளோக் எனப்படும் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில், நீண்ட பொதுத் தாழ்வாரத்தை ஒட்டிய வீட்டில் பல ஆண்டுகளாக வாழ்கிறேன். அந்தத் தாழ்வாரம் என் குடும்பத்துக்குக் கொடுத்ததை எந்தப் பூங்காவும் கொடுத்ததில்லை. ஆனாலும் கோட்டை அழிக்க வேண்டும் என்று யாராவது சொல்லும்போது, அழிவது யார் வீட்டுக் கோடு என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. எங்கள் மாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பற்றி எழுந்த சிக்கலுக்குப் பிறகு அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

எங்கள் புளோக் பழைய பாணியில் கட்டப்பட்டது. மாடியின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரே தாழ்வாரம். ஒரு பக்கம் வீடுகள், மறு பக்கம் இடுப்பளவுச் சுவர், அதற்கு அப்பால் வெட்டவெளி. மின்தூக்கியிலிருந்து இறங்கிக் கடைசி வீட்டுக்குப் போகிறவர் வழியிலுள்ள எல்லா வாசல்களையும், வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் படுக்கையறை ஜன்னல்களையும் கடந்துதான் போக வேண்டும். எந்த வீட்டில் மீன் பொரிகிறது, எங்கே பிள்ளையைத் தேர்வுக்குப் படிக்கவைக்கிறார்கள், யாருக்கு இருமல் விடாமல் இருக்கிறது என்பதெல்லாம் நடக்கும்போதே தெரிந்துவிடும். சட்டப்படி இது பொதுச் சொத்து. 99 ஆண்டுக் குத்தகையில் நாம் வாங்குவது கதவுக்கு உட்புறத்தை மட்டுமே. வெளியே இருப்பதைப் பராமரிப்பது நகர மன்றத்தின் பொறுப்பு. தீப்பிடித்தால் தப்பிச் செல்ல 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி.

அந்த விதிக்கும் சுவருக்கும் இடையே மிஞ்சும் மெல்லிய பட்டையில்தான் எங்கள் மாடியின் வாழ்க்கை முழுவதும் நடக்கிறது. செருப்பு அடுக்குகள், கறிவேப்பிலையும் பாண்டான் செடியும் வளரும் தொட்டிகள், சுவரோடு ஒட்டி நிறுத்திய சைக்கிள்கள், சீனக் குடும்பத்தின் வாசலில் ஊதுபத்தி ஏற்றுவதற்கென்று மாட்டிய சிறிய சிவப்பு மாடம், நோன்புப் பெருநாளுக்கு மலாய்க் குடும்பங்கள் கட்டும் விளக்குச் சரங்கள், எங்கள் வாசலில் கோலம் எல்லாம் அதில் அடக்கம். 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தவர் எந்த விகிதம்வரை வீடு வாங்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு என்பதால், இத்தனையும் ஒரே தாழ்வாரத்தில் அடுத்தடுத்து அமைவது தற்செயல் அன்று. ஆனால் அரசு வகுத்த விகிதத்தால் மக்களை அடுத்தடுத்த வீடுகளில் குடியேற்றத்தான் முடியும். அவர்களுக்குள் பேச்சைத் தொடங்கி வைத்தவை அந்தச் செடித்தொட்டிகள்தாம். கறிவேப்பிலை கேட்டு வந்த ஒரு சீன மூதாட்டியிடமிருந்துதான் எங்கள் குடும்பத்துக்கு இந்த மாடியின் முதல் நட்பு கிடைத்தது.

நாற்காலி

நான் சொல்ல வந்த நாற்காலி, நாங்கள் எல்லாரும் மக்சிக் என்று அழைக்கும் மலாய் மூதாட்டியுடையது. மாலைத் தொழுகைக்கு முன்பு ஒரு மணி நேரமாவது அதில் வந்து உட்காருவார். சாவியை மறந்துவிட்டுப் பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளைகள் பெற்றோர் வரும்வரை அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். வீட்டில் ஆள் இல்லாதபோது வரும் பொட்டலங்களை அவர்தான் வாங்கி வைப்பார். யார் வெளியூர் போயிருக்கிறார்கள், யாருக்கு மருத்துவமனையில் முன்பதிவு இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். யாரும் அவரை இதற்கென்று நியமிக்கவில்லை. ஒரு நாள் அந்த நாற்காலியின் முதுகில், பொது வழியில் வைத்திருக்கும் பொருளைக் குறிப்பிட்ட தேதிக்குள் அகற்றும்படி ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. மக்சிக் ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை உள்ளே எடுத்துக்கொண்டார்.

மாடியில் பலருக்குக் கோபம். தீ பாதுகாப்பு விதி தேவையான விதி என்பதில் எனக்கு ஐயமில்லை. தாழ்வாரத்தில் குவிந்து கிடக்கும் அட்டைப்பெட்டிகளும் பழைய மெத்தைகளும் எரியத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை இந்த நகரம் அறியும். ஆனால் அந்த நாற்காலி வழியை மறித்ததில்லை. சக்கர நாற்காலியில் போகும் ஒருவர் அதைத் தாண்டிப் போவதை நானே பார்த்திருக்கிறேன். அப்படியானால் புகார் எதற்கு? மனிதர்கள் ஒருவரோடொருவர் பழகுவதையே பொறுக்காதவர் யாரோ இருக்கிறார் என்று தாழ்வாரத்தில் பேசிக்கொண்டார்கள்.

புகார் கொடுத்தவர் யார் என்பதை அவரே எனக்குச் சொன்னார். மக்சிக்கின் பக்கத்து வீட்டில் வாடகைக்கு ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்த செவிலியர் அவர். அடிக்கடி இரவுப் பணி. மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது, யாரும் கேட்காமலேயே, குரலைத் தாழ்த்திக்கொண்டு விளக்கினார். அவருடைய அறையின் ஒரே ஜன்னல் தாழ்வாரத்தைப் பார்த்தது. நாற்காலி இருந்தது அந்த ஜன்னலுக்குக் கீழே. பகலில் தூங்கி மாலையில் எழ வேண்டிய அவருக்கு, தூக்கத்தின் கடைசிப் பகுதி முழுவதும் பிள்ளைகளின் குரலும் மூதாட்டியின் சிரிப்பும்தான். ஜன்னலைத் திறந்தால் அறைக்குள் இருப்பது வெளியே தெரியும். மூடினால் காற்று வராது. உடை மாற்றும்போது விளக்கை அணைத்துவிட்டுத்தான் மாற்றுவதாகச் சொன்னார். மக்சிக் நல்லவர் என்பது தனக்கும் தெரியும் என்றும், நேரில் சொன்னால் ஒரு முதியவரின் முகம் வாடிவிடும் என்று பயந்துதான் எழுதிக் கொடுத்ததாகவும் சொன்னார்.

அதுவரை நான் தாழ்வாரத்தை ஒரே ஒரு பக்கத்திலிருந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போது தெளிவாகியது. அந்த நாற்காலியால் ஏழெட்டுக் குடும்பங்களுக்கு நன்மை. அதன் விலையைக் கொடுத்தவர் ஒரே ஒருவர். அதுவும் அந்த மாடியிலேயே மிகக் குறைந்த இடம் உடையவர். பொதுவும் தனியும் கலப்பதைப் பற்றிப் பேசும்போது நாம் எண்ணிப் பார்ப்பது கலப்பினால் வரும் பயனை மட்டும்தான். கலந்த இடம் யாருடைய தூக்கத்திலிருந்தும், யாருடைய உடை மாற்றும் நேரத்திலிருந்தும் எடுக்கப்பட்டது என்று பார்த்தால் கணக்கே வேறாகிவிடுகிறது.

முற்றமும் கம்பிக் கதவும்

இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் வியப்படையவே இல்லை. அம்மா திருமணமாகி வந்து சேர்ந்தது திருவல்லிக்கேணியில் ஒரு ஸ்டோர் வீட்டுக்கு. நடுவில் முற்றம், சுற்றிலும் ஒவ்வோர் அறையும் சமையல் மூலையும் கொண்ட குடித்தனங்கள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய், பின்கட்டில் கழிப்பறைகள். அந்த வாழ்க்கையைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் உண்டு. ஒரு வீட்டில் குழம்பு வைத்தால் பத்து வீட்டுக்கு மணக்கும், ஒரு குழந்தையைப் பத்துப் பேர் வளர்ப்பார்கள் என்று. அதெல்லாம் உண்மை. ஆனால் அம்மா சொன்னது இது: “யார் வந்தாலும் முந்தானையைச் சரிபண்ணிக்கணும். குளிச்சிட்டு வர்றதுக்கே முத்தத்தைத் தாண்டி வரணும், அங்க எப்பவும் யாராவது உக்காந்திருப்பாங்க. அழணும்னா கூட அடுப்படிப் புகைன்னு சொல்லிட்டு அழணும்.” முற்றத்தைப் பற்றி உருகி எழுதியவர்களில் பெரும்பாலோர் அதில் உட்கார்ந்திருந்தவர்கள், அதைக் கடந்து போனவர்களின் எழுத்து குறைவு.

அம்மா சிங்கப்பூருக்கு எங்களோடு இருக்க வந்த புதிதில் மரக் கதவைத் திறக்கவே விடமாட்டார். தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்பார். பிறகுதான் வீவக வீட்டு வாசலின் அமைப்பு அவருக்குப் பிடிபட்டது. இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கதவுகள்: உள்ளே மரக் கதவு, வெளியே பூட்டக்கூடிய கம்பிக் கதவு. மரக் கதவைத் திறந்து கம்பிக் கதவைப் பூட்டி வைத்தால் காற்று வரும், குரல் வரும், முகம் தெரியும், ஆள் வர முடியாது. அதன்மேல் பாதி உயரத்துக்கு ஒரு திரை போட்டால் நிற்பவரின் முகம் மட்டும் தெரியும், உள்ளே தரையில் உட்கார்ந்து கீரை ஆய்கிறவர் தெரியமாட்டார். ஜன்னலில் சாய்த்துத் திருப்பும் கண்ணாடித் தகடுகள் இருந்தால், காற்றை விட்டுவிட்டுப் பார்வையைத் தடுக்கலாம். திறப்பதற்கும் மூடுவதற்கும் நடுவே இத்தனை படிகள் இருக்கின்றன என்று கண்டுகொண்ட பிறகு, அம்மா தன் நாளை அவற்றால் வகுத்துக்கொண்டார். காலையில் சமையல் முடியும்வரை மரக் கதவு மூடியிருக்கும். பதினொரு மணிக்குத் திரையோடு கம்பிக் கதவு. மாலையில் திரை ஒதுங்கும். அம்மாவும் மக்சிக்கும் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமலேயே கம்பிகளின் ஊடாகப் பேசிக்கொள்வார்கள்.

2020-இல் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நாடு முடங்கியிருந்தபோது ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போகக்கூடாது என்றிருந்தது. அந்த வாரங்களில் கம்பிக் கதவுகளின் அருமை மாடி முழுவதற்கும் தெரிந்தது. யாரும் வெளியே வரவில்லை. ஆனால் மாலையில் மரக் கதவுகள் திறந்தன. தனியாக வாழ்ந்த முதியவர்கள் நலமாக இருக்கிறார்கள் என்பதை அவர்கள் வாசலில் எரியும் விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

திருவல்லிக்கேணி முற்றத்துக்கும் எங்கள் தாழ்வாரத்துக்கும் உள்ள வேறுபாடு நெரிசலின் அளவில் இல்லை. இரண்டிலும் அண்டை வீட்டார் கைக்கெட்டும் தூரத்தில்தான். முற்றத்தில் அம்மாவால் எதையும் மூட முடியவில்லை. இங்கே எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பதை அவர் தீர்மானிக்கிறார். பொதுவையும் தனியையும் கலக்கும் வடிவமைப்பைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்: அந்தக் கலப்பை நிறுத்தும் கைப்பிடி உள்ளே இருப்பவரிடம் இருக்க வேண்டும். செவிலியரின் அறையில் அந்தக் கைப்பிடி இல்லை. மூடினால் மூச்சு முட்டும், திறந்தால் தெருவில் நிற்பது போலாகும் என்ற இரண்டே நிலைகள்தாம் அந்த ஜன்னல் அவருக்குக் கொடுத்தவை.

கட்டடக் கலைஞர்கள் வரைந்த தெருக்கள்

இதை எண்ணும்போது அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த புரூயிட்-ஐகோ குடியிருப்பு நினைவுக்கு வராமல் போகாது. மினோரு யமசாகி வடிவமைத்த அந்தத் தொகுப்பில் 11 மாடிக் கட்டடங்கள் 33, வீடுகள் 2,870. 1954-இல் மக்கள் குடியேறத் தொடங்கினார்கள். மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்காது. மூன்று மாடிகளுக்கு ஒரு முறைதான் நிற்கும். அது நிற்கும் மாடிகளில் அகலமான நடைக்கூடங்களும் துணி துவைக்கும் அறைகளும் இருந்தன. தாய்மார்கள் அங்கே துணி துவைத்தபடி பேசிக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகள் விளையாடுவார்கள், ஒவ்வொரு நடைக்கூடமும் ஒரு சிறு தெருவாகிவிடும் என்பது திட்டம். கட்டுவதற்கு முன்பே கட்டடக்கலை இதழ்கள் அதைப் பாராட்டின. சில ஆண்டுகளில் அந்தக் கூடங்கள் குடியிருப்பவர்களே கடக்க அஞ்சும் இடங்களாயின. மின்தூக்கியிலிருந்து வீட்டுக்குப் போக வேறு வழி இல்லாததால் கடந்தே ஆக வேண்டியிருந்தது. 1972-இல் இடிக்கத் தொடங்கினார்கள்.

அந்தக் குடியிருப்பு அழிந்ததற்கு வடிவமைப்பு மட்டுமே காரணம் என்று சொல்வது அநியாயம். நகரமே மக்கள்தொகையை இழந்துகொண்டிருந்தது. கறுப்பின மக்களை ஒதுக்கி வைத்த கொள்கைகள் இருந்தன. பராமரிப்புச் செலவை ஏழைக் குடும்பங்களின் வாடகையிலிருந்தே எடுக்க வேண்டியிருந்ததால் உடைந்த மின்தூக்கியும் வெடித்த குழாயும் உடைந்தபடியே கிடந்தன. ஆனாலும் ஆஸ்கர் நியூமன் என்ற கட்டடக் கலைஞர் அங்கே கவனித்த ஒன்றை என்னால் ஒதுக்க முடியவில்லை. பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட கூடங்களும் மாடிப்படிகளும் பாழாகிக் கிடந்த அதே கட்டடங்களில், இரண்டே குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட படிக்கட்டு முகப்புகள் சுத்தமாகப் பேணப்பட்டிருந்தன. அதே மக்கள், அதே வறுமை. கதவுக்கு வெளியே உள்ள இடத்தை என்னுடையது என்று உணர, எத்தனை பேருக்கு மேல் போனால் முடியாது என்ற கேள்விக்கு அந்த முகப்புகள் ஒரு விடை வைத்திருந்தன.

சிங்கப்பூரின் நீண்ட தாழ்வாரங்கள் அந்தக் கதிக்கு ஆளாகாததற்கு முதல் காரணம், அவை நாள்தோறும் பெருக்கப்பட்டன, விளக்குகள் எரிந்தன, வீடுகள் பெரும்பாலும் குடியிருந்தவர்களுக்கே சொந்தமாக இருந்தன என்பதுதான். 1961 மே 25-இல் புக்கிட் ஹோ சுவீ என்ற கம்பத்தில் (குடிசைகள் நிறைந்த குடியிருப்பில்) எரிந்த தீ சுமார் 16,000 பேரை வீடற்றவர்களாக்கியபோது, 1960-இல் தொடங்கப்பட்டிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கு அவசரமாக வீடு வேண்டியிருந்தது. குறைந்த செலவில் நிறைய வீடுகளை ஒரே மின்தூக்கியோடு இணைக்க நீண்ட தாழ்வாரத்தைவிட எளிய வழி இல்லை. அண்டை உறவு அதன் நோக்கமாக இருந்ததைவிட விளைவாகவே இருந்தது. பிறகு வந்த புளோக்குகளில் தாழ்வாரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, சில குடும்பங்களுக்கு ஒரு துண்டு என்று சுருக்கினார்கள். இன்று கட்டப்படும் புளோக்குகள் பலவற்றில் ஒரு மின்தூக்கிக் கூடத்தைச் சுற்றிச் சில கதவுகள்தாம். ஜன்னல்கள் வெளிப்புறத்தைப் பார்க்கின்றன. புது வீட்டுக்குப் போனவர்கள் முதலில் மகிழ்ச்சியோடு சொல்வது, யாரும் நம் வாசலைக் கடந்து போவதில்லை என்பதைத்தான். அந்தச் செவிலியரை நினைத்தால் அந்த மகிழ்ச்சி எனக்குப் புரிகிறது. கூடவே, சாவி மறந்த பிள்ளை அங்கே எங்கே போய் உட்காரும் என்றும் கவலைப்படுகிறேன்.

தாழ்வாரத்திலிருந்து எடுத்த பொது வாழ்வை உயரத்தில் வேறிடத்தில் திரும்பக் கொடுக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. 2009-இல் கட்டி முடித்த பினக்கிள் அட் டக்ஸ்டன் என்ற வீவக குடியிருப்பில் 50 மாடிக் கோபுரங்கள் ஏழையும் 26-ஆவது மாடியிலும் 50-ஆவது மாடியிலும் பாலங்கள் போன்ற தோட்டங்கள் இணைக்கின்றன. 26-ஆவது மாடி குடியிருப்பவர்களுக்கு மட்டும். 50-ஆவது மாடிக்கு வெளியார் கட்டணம் கட்டி வரலாம். 2015-இல் முடிந்த ஸ்கைவில் அட் டாசன் என்ற இன்னொரு வீவக குடியிருப்பில் 80 வீடுகளுக்கு ஒரு வான் தோட்டம் என்று பன்னிரண்டு கிராமங்களாக 960 வீடுகளைப் பிரித்திருக்கிறார்கள். இரண்டும் அழகானவை, பெருமைப்படத் தக்கவை. காற்று வாங்கவும் பிள்ளைகளை விளையாட விடவும் அந்த உயரத்தில் அப்படி ஓர் இடம் கிடைப்பது சிறிய விஷயம் இல்லை. ஆனால் எண்பது குடும்பங்களுக்குப் பொதுவான தோட்டத்தில் யார் தன் நாற்காலியைக் கொண்டுவந்து போடுவார்? அங்கே போவதற்குச் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். தாழ்வாரத்தின் பலம், கிளம்ப வேண்டாம் என்பதில் இருந்தது. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேச முடிந்ததில் இருந்தது.

இந்த இடத்தில் தரைத்தளத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். புளோக்கின் கீழே வீடுகள் இல்லாமல் தூண்களோடு திறந்து விடப்பட்ட வாய்ட் டெக்கைத்தான் வெளிநாட்டினர் பொது-தனி கலப்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். மலாய்த் திருமணமும் சீனர்களின் துக்க நிகழ்வும் அடுத்தடுத்த வாரங்களில் ஒரே இடத்தில் நடக்கும். மூலையில் நம்மவர் நடத்தும் மாமா கடை என்ற சிறு மளிகைக் கடை. சதுரங்கப் பலகை வரைந்த கல்மேசைகள். ஆனால் கவனித்துப் பார்த்தால் அங்கே கலப்பே இல்லை. அனுமதி வாங்கி, நாள் குறித்து, கூடாரம் கட்டி, முடிந்ததும் கழுவிவிட்டுப் போகிறார்கள். ஒரு குடும்பத்தின் துக்கம் சில நாட்களுக்கு அந்த இடத்தை முழுவதுமாக எடுத்துக்கொள்கிறது, பிறகு திருப்பிக் கொடுத்துவிடுகிறது. எப்போது யாருடையது என்பது எல்லாருக்கும் தெரிந்திருப்பதால்தான் அவ்வளவு வேறுபட்டவர்கள் ஒரே தளத்தைச் சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்ள முடிகிறது.

வாசலுக்கு ஓர் அளவு

இந்தூர் நகரில் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷியின் குழு வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பின் திட்டத்தில் ஒரு சிறிய ஏற்பாடு இருக்கிறது. வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே அரை மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டையை ஒதுக்கி, அதில் குடியிருப்பவர் திண்ணை கட்டலாம், படிக்கட்டு இறக்கலாம், மேலே மாடம் நீட்டலாம் என்று விட்டிருக்கிறார்கள். குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்காக ஆயிரக்கணக்கான மனைகளை வகுத்த, ஒவ்வொரு சதுர அடிக்கும் கணக்குப் பார்த்த திட்டம் அது. அதில் இந்த அரை மீட்டரை ஒதுக்கியதற்கு எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அது தெருவும் இல்லை, முழுக்க வீடும் இல்லை. ஆனால் அதில் என்ன நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் யார் என்பதில் குழப்பம் இல்லை. குடியிருப்பவர்தான்.

எங்கள் தாழ்வாரத்தில் அப்படி ஒதுக்கப்பட்ட இடம் இல்லை என்பதால்தான் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒவ்வொரு நாற்காலிக்கும் பேச்சுவார்த்தை தேவைப்படுகிறது. மூலை வீட்டுக்காரர்கள் சிலர் வாசலுக்கு முன்னாலிருந்த ஒதுக்குப்புறத்தை விலை கொடுத்து வீட்டோடு சேர்த்துக்கொண்டு கம்பிக் கதவை முன்னால் நகர்த்திவிட்டதும் உண்டு. அவர்கள் செய்தது விதிப்படிதான். ஆனால் அதற்குப் பிறகு அந்த மூலையில் யாரும் நிற்பதில்லை. முழுக்கப் பொதுவாக இருந்தால் யாரும் உட்கார முடியாது, முழுக்கச் சொந்தமானால் வேறு யாரும் நிற்க முடியாது என்ற நிலையில், நடுவே ஓர் உரிமை வேண்டியிருக்கிறது.

அந்த உரிமையின் சரியான அளவை எனக்குக் காட்டியது வாசல் கோலம்தான். அம்மா தீபாவளிக்கும் பொங்கலுக்கும், சில வெள்ளிக்கிழமைகளிலும், கதவுக்கு வெளியே பொதுத் தரையில் கோலம் போடுகிறார். இது எங்கள் வாசல் என்று அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆனால் அது யாருடைய வழியையும் மறிக்கவில்லை. சக்கர நாற்காலி அதன்மேல் போகலாம், துப்புரவுப் பணியாளர் மறுநாள் கழுவிவிடலாம். பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளைகள் புள்ளிகளை மிதிக்காமல் தாண்டிக் குதித்துப் போவார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வடிவமைப்பவர்களிடம் கேட்க எனக்குப் பெரிய கோரிக்கைகள் இல்லை. தாழ்வாரத்தை அகலப்படுத்துவதற்குப் பதிலாக ஒவ்வொரு கதவையும் அரை மீட்டர் உள்வாங்கிக் கட்டுங்கள். நாற்காலியும் செருப்பு அடுக்கும் அதற்குள் அடங்கும், 1.2 மீட்டர் வழி யாருடைய தயவும் இல்லாமல் தானாகவே காலியாக இருக்கும். தாழ்வாரத்தை ஒட்டி எந்த அறை வருகிறது என்பதை யோசியுங்கள். சமையலறை வந்தால் பேச்சும் மணமும் வெளியே போவதில் யாருக்கும் நட்டமில்லை, தூங்கும் அறை வந்தால் ஒருவருக்கு எல்லாமே நட்டம். வேறு வழியில்லாமல் படுக்கையறைதான் வரும் என்றால், தாழ்வாரத்தில் கடந்து போகிறவரின் கண்ணுக்கு மேலே ஜன்னலின் அடிவிளிம்பை உயர்த்துங்கள், உள்ளே வீட்டுத் தரையை ஒரு படியாவது உயர்த்துங்கள். கம்பிக் கதவை ஒழித்துவிட்டு ஒரே கனத்த கதவைப் பொருத்தும் புதுப் பழக்கம் பரவாமல் இருந்தால் நல்லது. புதுப்பிக்கும்போது பார்வைக்கு அழகாக இல்லை என்று பலர் அதை எடுத்துவிடுகிறார்கள்.

மக்சிக்கின் நாற்காலி இப்போது அவர் வாசலின் மறு பக்கத்தில், படிக்கட்டை ஒட்டிய சுவரோரத்தில் இருக்கிறது. அங்கே யாருடைய ஜன்னலும் இல்லை. செவிலியர் சொன்னதை, அவர் அனுமதியோடு, மக்சிக்கிடம் சொன்னோம். அவருக்கு வருத்தம் இருந்தது. ஜன்னலுக்குள் ஒருவர் தூங்குவதைத் தான் ஒரு நாளும் எண்ணிப் பார்க்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பார்வையிட வந்த பணியாளர் வழியை அளந்து பார்த்துவிட்டு, தடை இல்லை என்று போய்விட்டார். சில அடி தூரம் நகர்ந்ததில் அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் அந்தச் சில அடிகள் எங்கள் மாடியில் தற்செயலாகக் கிடைத்தவை. படிக்கட்டு இன்னொரு முனையில் கட்டப்பட்டிருந்தால் கிடைத்திருக்காது.

தற்செயலுக்குக் கூட இடமில்லாத புளோக்குகளும் இந்த நகரத்தில் இருக்கின்றன. ஓரறை, ஈரறை வாடகை வீடுகள் கொண்ட புளோக்குகளில் கதவுகள் நெருக்கமாக, தாழ்வாரங்கள் நீளமாக இருக்கும். அங்கே, துணையில்லாத, வருவாய் குறைந்த இருவர், உறவோ அறிமுகமோ இல்லாமல், ஓரறை வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் திட்டம் ஒன்று உண்டு. அண்மை ஆண்டுகளில் நடுவே தடுப்பு வைத்த வீடுகளையும் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அது நல்ல மாற்றம். தடுப்பு இல்லாத வீட்டில் வாழும் ஒருவர் தனியாக இருக்க எங்கே போவார் என்று கேட்டுப் பாருங்கள். கீழே, வாய்ட் டெக்கில், தூணுக்குப் பின்னாலுள்ள இருக்கைக்குத்தான். தொலைபேசியில் மகளோடு பேசுவதும், மருத்துவமனைக் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதும் அங்கேதான். வீட்டுக்குள் கிடைக்காத தனிமையை அவர் பொது இடத்தில் எடுத்துக்கொள்கிறார். இரவில் வெகுநேரம் யாரோ உட்கார்ந்திருக்கிறார் என்று புகார் வந்தால் அந்த இருக்கையை அகற்றிவிடுவது நிர்வாகத்துக்கு எளிது. அதற்கு முன்பு அவருடைய கதவைத் தட்டி, உள்ளே எத்தனை பேர், நடுவே தடுப்பு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வரும்படி கேட்டுக்கொள்கிறேன்.